நூலகத்துக்குப் புலி வராது: மீட்பு மையக்காரர்களை அழைக்க நினைப்பவர்களுக்கு

சர்க்கஸிலிருந்தும் ஊருக்குள் மாட்டிக்கொண்டும் மீட்கப்பட்ட சிங்கம், புலி, சிறுத்தைகளை வைத்துப் பராமரிக்கிறவர்களை உங்கள் பேட்டைக் கிளை நூலகத்துக்கு அழைத்துப் பிள்ளைகளிடம் பேச வைக்க நினைக்கிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள். வியாசர்பாடிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில், கோடை விடுமுறையில், வாசகர் வட்டத்தின் பெயரில் இதை நடத்தி முடித்த அனுபவம் இது. வட்டம் என்றால் தீர்மானத்தில் கையெழுத்துப் போட நிறையப் பேர், அலைவதற்கு ஒரே ஆள். என்னென்ன இடிக்கும் என்று சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, விலங்கு எதுவும் வராது. குட்டியும் வராது, கூண்டும் வராது. புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றை வித்தை காட்டப் பழக்கவோ காட்சிப்படுத்தவோ கூடாது என்று மத்திய அரசு 1991-இல் அறிவித்து, 1998-இல் திருத்தி மறுபடியும் அறிவித்து, 2001-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. அப்போது சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து பறிமுதலான சிங்கங்களுக்கும் புலிகளுக்கும் நாட்டில் சில இடங்களில் மீட்பு மையம் அமைத்தார்கள். வண்டலூர் உயிரியல் பூங்காவில் இருப்பது அதில் ஒன்று. அந்த விலங்கை மறுபடியும் வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினால் மீட்டதற்கு அர்த்தமே இல்லை. வரப்போவது ஒரு கல்வி அலுவலர், உயிரியலாளர் ஒருவர், கொடுத்துவைத்திருந்தால் தினம் இறைச்சி போடுகிற காப்பாளர் ஒருவர். காப்பாளரைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். புள்ளிவிவரத்தை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். எந்தச் சிங்கம் எந்தக் கதவில் உரசிக்கொண்டு நிற்கும் என்று அவர் சொல்லும்போதுதான் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

அனுமதிக் கடிதம் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஓட வேண்டும். கிளை நூலகர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தானாக முடிவெடுக்க முடியாது, மாவட்ட நூலக அலுவலரின் ஒப்புதல் வேண்டும். கடிதத்தை நூலகர் வழியாகவே அனுப்புங்கள், நேரே கொடுத்தால் அது திரும்பி அவரிடமே குறிப்புக் கேட்டு வரும், ஒரு வாரம் போய்விடும். மையத்துக்கு எழுதும் கடிதத்தில் என்ன வேண்டும் என்பதைவிட என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். அறையின் நீள அகலம், எத்தனை பிள்ளைகள், என்ன வயது, திரை உண்டா, பிளக் எந்த அளவு, வண்டி வாசல் வரை வருமா. இதெல்லாம் எழுதாத கடிதம் மேசையிலேயே தூங்கும். தேதி மூன்று கொடுங்கள். நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய். பூங்கா விடுமுறை நாளில் ஆட்கள் சும்மா இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம், பராமரிப்பு வேலை எல்லாம் அன்றைக்குத்தான் நடக்கும்.

முதல் தேதி கடைசி நிமிடத்தில் கைவிட்டுப்போனது. முந்தின நாள் இரவு போன் வந்தது, ஒரு விலங்குக்கு உடம்பு சரியில்லை, ஆளை விட முடியாது என்று. கோபமே வந்தது. யோசித்தால் அவர்கள் பக்கம் நியாயம். வயதான மீட்பு விலங்குகள் எப்போது படுத்துக்கொள்ளும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் புரொஜெக்டருக்குக் கொடுத்த முன்பணம் 700, மைக் செட் முன்பணம் 500, சொல்லிவைத்த நூறு சமோசாவுக்கு 1,000 ஆக 2,200 ரூபாய் போனது போனதுதான். எனவே முன்பணம் தரும்போதே "தேதி மாறினால் இதே பணத்தில் வேறு நாள்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். நம் பக்கத்துக் கடைக்காரர்கள் வாயால் சரி என்பார்கள், எழுதச் சொன்னால்தான் யோசிப்பார்கள். தீனியை முந்தின நாள் சொல்லவே வேண்டாம். மே மாத வெயிலில் மோர் போதும், காலையில் தயாராகிவிடும்.

அடுத்த தலைவலி பிளெக்ஸ். "மீட்கப்பட்ட பெரும்பூனைகள் பற்றி ஒரு உரையாடல்" என்றுதான் எழுதிக் கொடுத்தது. டிசைன் போட்ட தம்பிக்கு அது உப்புச் சப்பில்லாமல் பட்டிருக்கிறது. வாயைப் பிளந்த புலி ஒன்றைப் பெரிதாக வைத்து, "சிங்கம் புலி நேரில்! அனைவரும் வாரீர்!" என்று அவராகவே சேர்த்து அடித்துவிட்டார். அதைப் புகைப்படம் எடுத்து யாரோ வாட்ஸ்அப்பில் போட, ஒரே மாலையில் கொடுங்கையூர் வரை போய்விட்டது. காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, "கூண்டு எங்க வைக்கிறீங்க?" என்று கேட்டார். வேறு பிளெக்ஸ் அடித்தாகிவிட்டது, ஆனாலும் நிகழ்ச்சியன்று கைக்குழந்தையோடு வந்த ஒரு ஆயா, "புலி எங்கம்மா? இவ்ளோ தூரம் நடந்து வந்தேன்" என்று விடவே இல்லை. அச்சுக்குப் போகுமுன் கடைசி வடிவத்தைப் பார்த்துவிட்டுத்தான் பணம் என்று சொல்லிவிடுங்கள். "விலங்குகள் வராது, படமும் பேச்சும் மட்டும்" என்ற வரி தலைப்புக்கு அடுத்த பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். பிளெக்ஸை நூலகச் சுவருக்கு உள்ளே கட்டுங்கள். தெருவில் கட்ட மாநகராட்சி அனுமதி வேண்டும், அதற்கு அலைவதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடும்.

வண்டி விஷயம். அவர்கள் கட்டணம் கேட்பதில்லை, ஆனால் போக வர வண்டி நாம்தான் பார்க்க வேண்டியிருந்தது, 3,200 ரூபாய். வண்டலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களை ஜிஎஸ்டி சாலை வழியாக ஊருக்குள் இழுக்காதீர்கள். மணலி, மாதவரம், திருவொற்றியூர் என்றால் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடித்து மேற்கிலிருந்து உள்ளே வருவது நல்லது. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் வண்டி அசையாது, துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு நம் நிகழ்ச்சி நேரம் தெரியாது. மழைக் காலத்தில் வைப்பதென்றால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும், பெரம்பூர் வழியாகச் சுற்றச் சொல்லிவிடுங்கள். பதிமூன்று பேர் வண்டி எங்கள் தெருக்களில் திரும்பாது. கார் போதும்.

அறையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கிளை நூலக வாசிப்பறை என்பது ஜன்னலுக்குப் பஞ்சமில்லாத இடம், படிக்கக் கட்டினது. பகலில் அங்கே புரொஜெக்டர் போட்டால் புலி சாம்பல் நிறத்தில் தெரியும். 3,000 லூமென்ஸ் வெளிச்சத்துக்குக் குறைந்த புரொஜெக்டரை வாடகைக்கு எடுக்காதீர்கள், கறுப்புத் துணியை ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகக் கட்டுங்கள். உள்பக்கம் கட்டினால் காற்றில் ஆடி ஆடி வெளிச்சம் விடும். எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்து, மேலும் கீழும் மூங்கில் கோர்த்தால் நல்ல திரை. வாடகைக்கு வரும் பழைய புரொஜெக்டர்களில் விஜிஏ இணைப்புதான் இருக்கும், அவர்கள் மடிக்கணினியில் எச்டிஎம்ஐ மட்டும். மாற்றி ஒன்று 350 ரூபாய், முந்தின நாளே வாங்கிப் பொருத்திப் பாருங்கள். வீடியோக்களைப் பென் டிரைவில் கொண்டுவரச் சொல்லுங்கள், நூலக இணையத்தை நம்ப வேண்டாம்.

மின்சாரம். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை, எந்தெந்தத் தெரு என்று முந்தின நாள் நாளிதழில் வந்துவிடும். பார்க்காமல் விட்டால் நிகழ்ச்சி முழுக்க இருட்டு. நூலக இன்வெர்ட்டர் விளக்கையும் விசிறியையும்தான் தாங்கும். அதனால் பன்னிரண்டு படங்களை ஏ3 அளவில் வண்ணத்தில் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள், ஒன்று 30 ரூபாய். எங்களுக்குக் கால் மணி நேரம் கரண்ட் போனபோது அந்தப் படங்கள்தான் மானத்தைக் காத்தன. காலை ஒன்பதரைக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் முடியுங்கள். அக்னி நட்சத்திரத்தில் அறுபது பிள்ளைகள் ஒரு அறையில் அதற்கு மேல் தாங்க மாட்டார்கள்.

கர்ஜனை கேட்கவேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். சின்ன புளூடூத் பெட்டியில் போட்டால் யாரோ இருமுகிற மாதிரி வரும். பெரும்பூனைகளின் குரல்நாண்கள் தட்டையாக, உள்ளே கொழுப்போடு இருப்பதால் குறைந்த காற்றழுத்தத்திலேயே அதிர்ந்து தாழ்ந்த கனத்த ஒலி வரும். அந்தக் கனத்தை எடுக்கப் பெரிய வூஃபர் வேண்டும். நம் பக்கம் மைக் செட்டுக்கு என்ன குறை, கல்யாணத்துக்கும் சாவுக்கும் கட்டுகிற அதே பெட்டி ஒன்று போதும். ஆனால் ஒலியைச் சின்னதாக ஆரம்பித்துக் கூட்டுங்கள், எடுத்த எடுப்பில் முழுசாக வைத்தால் முன்வரிசைக் குழந்தைகள் அழும், அடுத்த வீட்டு நாய்கள் ஓயாது. சிங்கத்தின் கர்ஜனை 8 கிலோமீட்டர் வரை கேட்கும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு உறைக்காது. இங்கே கர்ஜித்தால் திருவொற்றியூரில் கேட்கும் என்று காப்பாளர் சொன்னதும் அறை ஒரு நிமிடம் கப்சிப்.

தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும், இல்லாவிட்டால் சின்னப் பிள்ளைகள் இருபது நிமிடத்தில் நெளிவார்கள். அசல் தோல், பல், நகம் எதையும் கேட்காதீர்கள், கொண்டு வரவும் மாட்டார்கள். காலடித் தடம் எடுப்பதுதான் சரியான வேலை, 450 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பழைய ஹவாய் செருப்பின் ரப்பரை வெட்டி, ஒரு பெரிய மெத்தை, நான்கு விரல் என்று பலகையில் ஒட்டி முத்திரை செய்துகொள்ளுங்கள். புலிக்குத் தடத்தின் அகலம் ஒரு சாண் வராது, 12 முதல் 14 சென்டிமீட்டர் வையுங்கள். சிறுத்தைக்கு 7 முதல் 9. பூனைக் குடும்பத்துத் தடத்தில் மெத்தையின் பின் விளிம்பு மூன்று மேடாக இருக்கும், நகம் பதியாது, ஏனென்றால் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாய்க்கு நகம் பதியும். நூலக வாசலில் படுத்திருக்கிற நாயையும் மதில் பூனையையும் ஈர மண்ணில் ஒரு நடை நடக்க வைத்தால் ஒப்பிட அசல் தடம் கிடைக்கும். பூனை ஒத்துழைக்காது, நாய்க்குப் பிஸ்கெட் போதும்.

மண் விஷயத்தில் கவனம். காசிமேட்டுக் கடற்கரை மணலை அள்ளி வராதீர்கள். அதிலுள்ள உப்பு, தடத்தை வார்த்தெடுக்க ஊற்றுகிற பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை மளமளவென்று இறுக்கிவிடும், ஊற்றுவதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகும். எம்-சாண்டின் துகள் கூர்மையானது, விளிம்பு உதிரும். சலித்த ஆற்று மணலோ தோட்ட மண்ணோ நல்லது, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் கசியக் கூடாது. ஒன்றரை அங்குல ஆழத்தில் தட்டில் பரப்பி, முத்திரையை அழுத்தி எடுத்து, தடத்தைச் சுற்றி அட்டைப் பட்டையை வளையமாகச் செருகுங்கள். பிளாஸ்டர் மாவு இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தண்ணீரில் மாவைத் தூவ வேண்டும், மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். மெதுவாகக் கலக்குங்கள், வேகமாக அடித்தால் காற்றுக் குமிழி சிக்கி விரல் நுனி ஓட்டையாகும். ஓரத்திலிருந்து ஊற்றி, தட்டைத் தரையில் இரண்டு தட்டு தட்டுங்கள். அரை மணி நேரம் விட்டு எடுங்கள். அது இறுகும்போது சூடாகும், பிள்ளைகளைக் கையை உள்ளே வைக்க விடாதீர்கள். மீந்த மாவைத் தொட்டியில் கழுவி ஊற்றினால் குழாய் அடைத்துக்கொண்டு நூலகரின் சாபம் கிடைக்கும். கிண்ணத்திலேயே காயவிட்டு உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு ஆபத்து. தடம் எடுத்துக்கொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் கழுத்துச் சங்கிலியை எடுத்துக் காட்டி, "சார், இது அசல் புலி நகமா பாருங்க" என்பார். கட்டாயம் நடக்கும். விற்கப்படுவதில் பெரும்பகுதி மாட்டுக் கொம்பைச் செதுக்கியதோ பிளாஸ்டிக்கோதான். ஆனால் அசலாக இருந்தால், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமைச் சான்று இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். புலி அந்தச் சட்டத்தில் உச்ச பாதுகாப்புள்ள முதல் அட்டவணை விலங்கு என்பதால் 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வந்திருப்பவர்கள் அரசு ஊழியர்கள் என்றால் பார்த்தும் பார்க்காத மாதிரி போக முடியாது, நிகழ்ச்சி வேறு பக்கம் திரும்பிவிடும். தொடக்கத்திலேயே மைக்கில் பொதுவாகச் சட்டத்தைச் சொல்லிவிடச் சொல்லுங்கள், சங்கிலி சட்டைக்குள் போய்விடும்.

கேள்வி நேரத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதுதான் நிகழ்ச்சியே. "ஏன் காட்டுல கொண்டுபோய் விடல?" என்பது முதல் கேள்வியாக வரும். பேச வருகிறவரிடம் இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கஸ் சிங்கங்களில் பல ஆசியச் சிங்கமும் ஆப்பிரிக்கச் சிங்கமும் கலந்து பிறந்தவை, ஆசியச் சிங்கங்கள் வாழ்கிற குஜராத் கிர் காட்டில் விட்டால் அங்குள்ள இனமே கலந்துவிடும். அதனால்தான் மீட்பு மையத்தில் இனப்பெருக்கமும் அனுமதிப்பதில்லை, இருப்பது இருக்கிற வரை இருந்துவிட்டுப் போகும். கோரைப்பல் உடைந்ததோ நகம் பிடுங்கியதோ வேட்டையாட முடியாது. நகம் பிடுங்குவது என்றால் நம் நகம் வெட்டுகிற மாதிரி இல்லை, விரலின் கடைசி எலும்பையே எடுப்பது. காப்பாளர் தன் விரலை முதல் கணுவோடு மடக்கிக் காட்டினார், ஒரு பையன் தன் விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மனிதர் கையில் வளர்ந்த விலங்குக்கு மனிதரைக் கண்டு ஒதுங்கத் தெரியாது, அதுவும் காட்டுக்கு ஆகாது. சிறுத்தையைப் பற்றித் தனியாகச் சொல்லச் சொல்லுங்கள், ஊருக்குள் வந்து கிணற்றில் விழுவது பெரும்பாலும் அதுதான்.

சாப்பாட்டுக் கேள்வியும் வரும். பூங்காக்களில் வளர்ந்த புலிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 முதல் 10 கிலோ மாட்டிறைச்சி, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. பெரிய மனிதர்கள் யாராவது முகம் சுளிப்பார்களோ என்று எனக்குள் ஒரு உதறல் இருந்தது. நம் பக்கம் அதெல்லாம் இல்லை, ஒரு பெண் எழுந்து, "கிலோ என்ன விலைக்கு வாங்குறாங்க? எலும்போடவா?" என்று கேட்டாள். வெள்ளைப் புலி தனி இனமா என்றும் கேட்பார்கள். மரபணு மாற்றம்தான். 1951-இல் ரேவா பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற ஒரே ஆண்குட்டியின் வாரிசுகளாகத்தான் கூண்டுகளில் பெரும்பாலானவை பெருகின, நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணைசேர்த்ததால் மாறுகண் போன்ற குறைகள் வந்தன. அத்தை மகன் கல்யாணம் பற்றி அங்கே ஒரு கேள்வி வந்தது, உயிரியலாளர் நழுவிவிட்டார்.

பெரியவர்களைப் பின்வரிசையில் சும்மா உட்கார வைக்காதீர்கள். உயிரியல் பூங்கா 1985-இல் வண்டலூருக்குப் போகும் வரை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், மூர் மார்க்கெட்டை ஒட்டித்தான் இருந்தது. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது. வண்ணாரப்பேட்டை, ராயபுரத்திலிருந்து நடந்தே உயிர் காலேஜ், அதாவது அந்தப் பழைய பூங்கா, பார்த்துவிட்டு வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தச் சின்னக் கூண்டுகளை அவர்கள் சொல்லிவிட்டு, இப்போதைய அடைப்பு எப்படி இருக்கிறது என்று காப்பாளர் சொன்னால் பாடமே தனியாக வேண்டாம். இதற்கு நேரம் ஒதுக்கியிருந்தது பத்து நிமிடம், ஓடியது அரை மணிக்கு மேல், ஒருவரும் எழவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் புலிப் புத்தகம் கேட்டு மேசையை மொய்ப்பார்கள். அங்கேதான் வயிறு எரிந்தது. இருந்த நல்ல படப் புத்தகங்கள் எல்லாம் குறிப்புதவிப் பிரிவு அலமாரியில் பூட்டிக் கிடந்தன, சாவி விடுப்பில் போனவரிடம். ஒரு வாரம் முன்பே 599.75 என்ற நூல் வகைப்பாட்டு எண்ணில் தேடிப் பூனைக் குடும்பத்துப் புத்தகங்களை எடுத்துத் தனி மேசையில் பரப்பச் சொல்லுங்கள், புலி 599.756, சிங்கம் 599.757. இல்லாததை மற்றக் கிளையிலிருந்து வரவழைக்கவும் அந்த ஒரு வாரம் வேண்டும். உறுப்பினர் படிவத்தை அழைப்பிதழோடு வீட்டுக்கே கொடுத்தனுப்பி, முகவரிச் சான்று நகலோடு வரச் சொன்னால் அன்றைக்கே புத்தகம் கையில் போகும். உறுப்பினர் கட்டணத்துக்குச் சில்லறையும் வையுங்கள்.

மொத்தச் செலவு 10,740 ரூபாய். வட்டத்தில் திரண்டது 4,000, மீதி 6,740 சொந்தக் கையைக் கடித்தது. அதில் பிளெக்ஸ் இரண்டு முறைக்கு 720, முதல் தேதியில் போன 2,200. மீதமெல்லாம் நியாயமான செலவு, அடுத்த முறையும் ஆகும். வசூலை நிகழ்ச்சிக்கு முன்பே முடித்துவிடுங்கள். முடிந்த பிறகு கேட்டால், "நல்லா நடந்துச்சு இல்ல, அப்புறம் பாக்கலாம்" என்பதுதான் பதில்.

பிள்ளைகள் வண்டலூருக்குக் கூட்டிப் போகச் சொல்லி நச்சரிப்பார்கள். படத்தில் பார்த்த மீட்பு விலங்குகளின் அடைப்பு பார்வையாளர்களுக்குத் திறந்ததில்லை, அதைக் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள். மின்சார ரயிலில் கடற்கரை நிலையத்தில் மாறி செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தால் வண்டலூர் நிலையத்திலிருந்து கிட்டம்தான். முதல் வண்டிகளிலேயே போங்கள், வெயில் ஏறினால் சிங்கம் புலி எல்லாம் நிழலில் சுருண்டுவிடும், முதுகைத்தான் பார்க்க முடியும். கடற்கரையில் மாறும்போது தலையை எண்ணுங்கள்.